காப்பியும் ஊருணி நீரும்
— இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் (வேதியியல்)

காப்பி என்றால் நம் பக்கத்தில் இரண்டு வகைதான். ஒன்று, பேருந்து நிறுத்தத்துக் கடையில் கண்ணாடித் தம்ளரில் நுரை ததும்ப வருவது. மற்றொன்று, விருந்தாளி வந்தால் மட்டும் வீட்டில் போடுவது. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்று உண்டு என்பதைச் சென்ற மார்கழி விடுமுறையில் சென்னைக்குப் போயிருந்தபோதுதான் அறிந்தேன். அங்கே பருகிய ஒரு கோப்பை என்னை நம் கல்லூரி ஆய்வுக்கூடம் வரை இழுத்து வந்துவிட்டது. அதையே இங்கு எழுத முற்படுகிறேன்.

சூளைமேட்டில் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தேன். பெரியம்மாவின் மகன் நுங்கம்பாக்கத்தில் ஒரு காப்பிக் கடையில் வேலை பார்க்கிறார். ஒருநாள் அண்ணன் என்னையும் கடைக்கு அழைத்துச் சென்றார். விலைப்பட்டியலைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. ஒரு கோப்பை 250 ரூபாய்! அந்தப் பணத்தில் நம் ஊர்க் கடையில் ஒரு வகுப்பறைக்கே காப்பி வாங்கிக் கொடுத்துவிடலாம். “நீ காசைப் பத்தி யோசிக்காத பாப்பா, உட்காரு” என்று சொல்லிவிட்டு அண்ணன் வேலையில் இறங்கினார்.

தராசில் 15 கிராம் கொட்டையை நிறுத்து அப்போதே அரைத்தார். கூம்பு வடிவப் பீங்கானில் வடிதாளை வைத்து, அதில் தூளைப் பரப்பி, நாரைக் கழுத்துப் போல் வளைந்த மூக்குள்ள கெண்டியிலிருந்து மெல்லிய தாரையாக வெந்நீரை ஊற்றினார். நீரின் வெப்பம் 93 டிகிரி. மொத்த நீர் 240 கிராம். நேரம் மூன்று நிமிடம். எல்லாவற்றுக்கும் கணக்கு. நம் செய்முறைத் தேர்வில்கூட இத்தனை கவனத்தை நான் கண்டதில்லை.

பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. கசப்பை எதிர்பார்த்து வாயில் வைத்தேன். கசப்பு பின்னால்தான் வந்தது. முன்னால் வந்தது ஆரஞ்சுச் சுளையின் மெல்லிய புளிப்பு. ஆறஆற ஓர் இனிப்பு. இதுவும் காப்பிதானா என்று கேட்டேன். “இதுதான் காப்பி. நாம குடிக்கிறதுல பாதி சிக்கரி” என்று சிரித்தார். அவர் கூறியதில் மிகை அதிகமில்லை. காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பதுதான் நம் நாட்டு உணவுத் தர விதி. மீதி 49 வரை சிக்கரி இருக்கலாம். சிக்கரி ஒரு செடியின் வறுத்த வேர். அதில் காஃபீன் கிடையாது.

இத்தகைய கடைகள் விற்பதைச் ‘சிறப்புக் காப்பி’ என்கின்றனர். இப்பெயரை 1974ஆம் ஆண்டில் எர்னா நட்சன் என்ற அம்மையார் ஓர் அமெரிக்க வணிக இதழில் பயன்படுத்தினார். பயிற்சி பெற்ற சுவைஞர்கள் நூற்றுக்கு மதிப்பெண் இட்டு, 80க்கு மேல் பெறும் கொட்டைக்கே இப்பெயரைத் தருவர். நம் நாட்டில் காப்பி விற்பனை நெடுங்காலம், 1942இல் அமைந்த காப்பி வாரியத்தின் கையில் இருந்தது. எல்லாத் தோட்டத்துக் கொட்டையும் ஒரே தொகுப்பில் போய்ச் சேரும். நல்லதை விளைவித்தவரின் பெயர் அதில் கரைந்துவிடும். 1990களில் இம்முறை படிப்படியாகத் தளர்ந்து நீங்கிய பிறகே, தோட்டத்தின் பெயரைச் சொல்லி விற்கும் வழி திறந்தது. 2013இல் டில்லியில் தொடங்கப்பட்ட ‘புளூ டோகாய்’ இவ்வழியில் வந்த நிறுவனங்களுள் ஒன்று. அந்த ‘டோகாய்’ வேறொன்றுமில்லை, நம் மயில் தோகைதான்!

அடுத்த இரண்டு நாட்களில் ஆழ்வார்பேட்டையிலும் பெசன்ட் நகரிலும் வேறு இரு கடைகளைப் பார்த்தேன். பருகியது ஒன்றில்தான், மற்றதில் வேடிக்கை மட்டும். நல்ல கடையை எப்படிக் கண்டுகொள்வது என்று அண்ணனிடம் கேட்டேன். பொட்டலத்தில் வறுத்த தேதி இருக்க வேண்டும். தோட்டத்தின் பெயரும் கொட்டையின் இனமும் இருக்க வேண்டும். கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும் என்றார். நாற்காலியின் அழகைப் பார்த்து ஏமாறக் கூடாது என்றும் சொன்னார். பெசன்ட் நகர்க் கடையில் நாற்காலிகள் மிக அழகாக இருந்தன.

ஊருக்குத் திரும்புகையில் சேர்வராயன் மலையில் விளைந்த அராபிக்காத் தூள் 250 கிராம் வாங்கி வந்தேன். அப்பத்தாவுக்குக் கொடுத்து அசத்த வேண்டும் என்பது என் எண்ணம். திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் கிராமம். வெள்ளைத் துணியில் வடிகட்டி, அண்ணன் சொன்ன கணக்குப்படியே போட்டேன். அப்பத்தா ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தது. “என்னத்தா இது, சப்புன்னு கெடக்கு?” நானும் குடித்துப் பார்த்தேன். புளிப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. சாக்குக் கட்டியைக் கரைத்தது போல் ஒரு மொண்ணைச் சுவை. அதே தூள், அதே அளவு, அதே நேரம். கடையில் நான் கவனிக்காமல் விட்ட பொருள் ஒன்றே ஒன்றுதான். அது தண்ணீர்.

இனிமேல்தான் நம் பாடம் தொடங்குகிறது. ஒரு கோப்பைக் காப்பியில் 98 விழுக்காட்டுக்கு மேல் நீர்தான். காப்பியின் புளிப்புக்குக் காரணம் சிட்ரிக், மாலிக், குளோரோஜெனிக் முதலிய அமிலங்கள். எங்கள் தெருக்குழாயில் வருவதோ ஆழ்துளைக் கிணற்று நீர். கரிசல் நிலத்தடியில் கிடந்த அந்நீரில் பைகார்பனேட் மிகுதி. பைகார்பனேட் அயனி அமிலத்தின் ஹைட்ரஜன் அயனியைச் சந்தித்தால் நீரும் கார்பன்-டை-ஆக்சைடுமாக மாறிவிடும். அதாவது, சேர்வராயன் மலை கொடுத்த புளிப்பை எங்கள் குழாய் நீர் தம்ளரிலேயே நடுநிலையாக்கிவிட்டது. டீக்கடைக் காப்பிக்கு இதனால் பெரிய கேடு வருவதில்லை. கருக வறுத்த தூளும் சிக்கரியும் பாலும் சர்க்கரையும் சேர்ந்த பிறகு இழப்பதற்கு அங்கே புளிப்பே இல்லை. நம் பக்கத்துக் காப்பி இவ்வடிவம் பெற்றதில் நம் தண்ணீருக்கும் பங்கு இருக்குமோ என்பது என் ஐயம்.

தொலைபேசியில் அண்ணனைக் கேட்டேன். கடையில் நீரைச் சவ்வூடு வடித்து, பிறகு வேண்டிய அளவு தாது உப்பைத் திரும்பச் சேர்க்கிறார்களாம்! முற்றிலும் தூய நீரும் காப்பிக்கு உதவாது என்பது இதன் காரணம். 2014இல் பாத் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் ஹெண்டனும் அவருடன் சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், நீரிலுள்ள மக்னீசியம் அயனி சுவைப் பொருள்களைத் தூளிலிருந்து ஈர்த்தெடுக்க உதவுகிறது என்று கணக்கிட்டுக் காட்டினர். ஆக, கடினத்தன்மை கொஞ்சம் வேண்டும். காரத்தன்மை குறைவாக வேண்டும். சிறப்புக் காப்பிச் சங்கத்தார் வகுத்த நீர்க்குறிப்பில் லிட்டருக்குக் காரத்தன்மை 40 மில்லிகிராம் அளவில் இருப்பது நல்லது என்று கண்டிருக்கிறது. நம் நாட்டுக் குடிநீர்த் தரமோ 200 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் கூறுகிறது. உயிர் வாழப் போதுமான நீர் வேறு, காப்பிக்கு ஏற்ற நீர் வேறு.

இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்க, அப்பத்தா ஒரே சொல்லில் முடித்தது. “போர்த் தண்ணியில பருப்பே வேகாது. காப்பி மட்டும் எப்படித்தா நல்லாயிருக்கும்? ஊருணித் தண்ணி எடுத்தா.”

ஊருணியை அறியாதவர் நம்மில் இருக்க மாட்டார்கள். மழைநீரைத் தேக்கிக் குடிப்பதற்கென்றே வெட்டப்பட்ட குளம் அது. மாடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு இருந்த இடம். குடத்தில் வீட்டுக்கு வரும் தண்ணீர் வாங்கத் தொடங்கிய பின் எங்கள் ஊருணிப் பக்கம் போவோர் குறைந்துவிட்டனர். கரையில் சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. அப்பத்தா மட்டும் பருப்புக்கு இன்னும் அந்நீரையே நாடும். பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைத்து நீரை ஊற்றினால், இரவுக்குள் கலங்கல் அடியில் படிந்துவிடும். அதை நன்கு கொதிக்கவைத்து, சற்று ஆறவிட்டுக் காப்பி போட்டேன்.

நுங்கம்பாக்கத்துச் சுவை முழுதும் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆரஞ்சுப் புளிப்பு வந்தது.

விடுமுறை முடிந்ததும் இரு நீரையும் புட்டியில் எடுத்துக்கொண்டு, பேராசிரியரின் அனுமதியுடன் நம் ஆய்வுக்கூடத்தில் தரம்பார்த்தேன். கடினத்தன்மைக்கு ஈ.டி.டி.ஏ. கரைசலும் எரியோகுரோம் பிளாக்-டி காட்டியும். காரத்தன்மைக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் மெதில் ஆரஞ்சும். முதல்முறை காட்டியை அள்ளிப் போட்டு நிறம் மாறியதே தெரியாமல் பாழாக்கினேன். அடுத்த மூன்று முறையும் முடிவு ஒத்து வந்தது. ஊருணி நீர் குடிநீர்த் தரத்தின் ஏற்கத்தக்க அளவுக்குள் நன்றாகவே அடங்கியது. ஆழ்துளை நீருக்கோ ஒருமுறை நிரப்பிய பியூரெட் போதவில்லை, மறுபடி நிரப்ப வேண்டியதாயிற்று. கொதிக்கவைத்தால் தற்காலிகக் கடினத்தன்மை நீங்குமே என்று அதையும் செய்து பார்த்தேன். பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு விழுந்தது. சுவை சிறிதே தேறியது. நம் உவர்நீரில் உள்ள சோடியம் பைகார்பனேட் கொதிக்கவைத்தாலும் படிவாகி விலகுவதில்லை என்பதை நம் பாடநூலே சொல்கிறது. அதை முன்பே நினைவு கொண்டிருந்தால் ஓர் அடுப்பு விறகு மிஞ்சியிருக்கும்.

அப்பத்தாவிடம் எந்தத் தம்ளர் எந்த நீர் என்று சொல்லாமல் இரண்டையும் நீட்டினேன். வாயில் வைத்ததும் ஊருணித் தம்ளரை எடுத்துக்கொண்டது. பிறகு அதிலும் ஒரு துண்டு கருப்பட்டியைப் போட்டுக் கலக்கிவிட்டது!

பொங்கலுக்கு வந்த அண்ணன் ஐந்து லிட்டர் ஊருணி நீரைச் சென்னைக்கு எடுத்துப் போனார். கடை மூடிய பின் வேலையாட்கள் சேர்ந்து காப்பி போட்டுப் பார்த்தார்களாம்; இன்னும் கொஞ்சம் வேண்டும் என்கிறார்கள். இப்போது மாசி மாதம். ஊருணியில் நீர் மூன்றாம் படிக்கு இறங்கிவிட்டது. பொட்டலத்தில் இன்னும் இரண்டு கரண்டித் தூள் இருக்கிறது.