எழுதத் தடுமாறும் பிள்ளையும் ஆசிரியரின் எண்ணமும்

தீர்த்தமலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் சத்துணவுக் கூடத்தைப் பார்வையிடச் சென்றபோது, ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் மரவள்ளிக் கரணை நடுவது முதல் கிழங்கை வண்டியில் ஏற்றுவது வரை வரிசை பிசகாமல் எனக்கு விளக்கினான். தீர்த்தமலை என்று எழுதச் சொன்னேன். ரகர ஒற்றைக் காணோம். லகரத்திற்கு முன் நிற்க வேண்டிய சங்கிலிக் கொம்பு பின்னால் நின்றது. "சோம்பேறி, ஐயா. நூறு தடவை எழுதச் சொல்லியும் திருந்தவில்லை" என்றார் உபாத்தியாயர். நானும் அன்று அதை நம்பிவிட்டேன்.

சோம்பல் வேறு, கற்றல் குறைபாடு வேறு. அறிவும் பார்வையும் செவியும் நன்றாயிருந்தும், ஒலியை எழுத்தாக்குவதில் சில பிள்ளைகள் இடர்ப்படுவதுண்டு. பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர் 1896 ஆம் ஆண்டிலேயே இத்தகைய 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியில் இவனே முதல்வனாயிருப்பான் என்பது அவனுக்குக் கற்பித்த ஆசிரியரின் கருத்து. நம் ஊரில் அப்படிச் சொல்லும் ஆசிரியர் எத்தனை பேர்?

தமிழ் எழுத்துக்கள் 247. கெ, கே, கை ஆகியவற்றில் குறி முன்னே நிற்க, அதன் ஒலி பின்னே வரும். கொ என்பதிலோ குறி இருபுறமும் நிற்கும். நமக்குப் பழகிப்போனதால் இதன் கடினம் தெரிவதில்லை. பிழையாக எழுதுவதையே நூறு தடவை எழுதினால் பிழைதான் கையில் படியும். அம்மாணவனின் நோட்டில் கடைசிப் பக்கம் முதற்பக்கத்தைவிட மோசமாயிருந்தது.

பழைய திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி, எழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் செய்தனர். அமெரிக்காவில் 1930களில் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் கில்லிங்காம் என்ற ஆசிரியையும் இத்தகைய பிள்ளைகளுக்கு வகுத்த முறையிலும் கண்டு, சொல்லி, விரலால் வரைதல் ஒருசேர நடக்கும். நாளைக்கு இரண்டு மூன்று எழுத்துக்கள் போதும். விடையின் கருத்துக்குத் தனியாகவும் எழுத்துப் பிழைக்குத் தனியாகவும் மதிப்பிடலாம். வாய்மொழியாகவும் விடை கேட்கலாம். ஆசிரியரை மட்டும் குறை கூறுவதும் நியாயமன்று. இரண்டு மூன்று வகுப்புக்களை ஒருங்கே நடத்துபவர், இதற்கெனப் பயிற்சி பெறாதவர், வேறென்ன செய்வார்?

எழுதாத பிள்ளைக்கெல்லாம் இக்குறையென்று முத்திரையிடவும் கூடாது. கண்ணையும் காதையும் முதலில் சோதிக்க வேண்டும். பெற்றோருடன் செங்கற்சூளைக்குப் போய் மாதக்கணக்கில் பள்ளிக்கு வராதிருந்தானா என்றும் விசாரிக்க வேண்டும். ஐயம் தீராவிடில் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அணுகலாம். மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஏற்கும் 21 வகைக் குறைபாடுகளில் இதுவும் ஒன்று. மருத்துவச் சான்று பெற்றால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதித் தருபவரின் உதவியும் கோரலாம்.

2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமளிக்கிறது. சுற்றுச்சுவரையும் குடிநீரையும் பேசி முடித்தபின், பேச்சில் தேர்ந்தும் எழுத்தில் பின்தங்கிய பிள்ளைகள் யார் யார் என்று அங்கத்தினர்கள் கேட்கட்டும். அவர்களுடைய நோட்டுக்களையும் வாங்கிப் பார்க்கட்டும்.