குமாஸ்தா கைத்தவறால் கெடு தாண்டிய அப்பீல்

கேள்வி: பெங்களூரு சிட்டி சிவில் கோர்ட்டில் என் சொத்து வழக்கு தோற்றுவிட்டது. ஹைகோர்ட்டில் அப்பீல் போடச் சொல்லி வக்கீலிடம் வழக்குக் கட்டைக் கொடுத்தேன். அவருடைய குமாஸ்தா தீர்ப்பு நகலை வேறொருவர் கட்டில் சேர்த்துக் கட்டிவிட்டார். 90 நாள் கெடு முடிந்து 47 நாளாகிறது. தப்பு என்னுடையது இல்லை என்பதால் கோர்ட் மன்னித்துத்தானே ஆக வேண்டும்?
– வாசகர், அல்சூர்

பதில்: நல்ல கேள்வி, ஐயா. முதலில் அந்த 47 நாள் சரியா என்று பார்த்துவிடுவோம். சான்றிட்ட நகலின் கடைசிப் பக்கத்து முத்திரையைப் பாருங்கள். நகல் கேட்டு மனு போட்ட தேதி, நகல் தயாரான தேதி இரண்டும் அதில் இருக்கும். நகல் தயாராக ஆன நாட்களைக் காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு கெடுவிலிருந்து கழித்துவிடுகிறது. தயாரான பிறகு நாம் வாங்கப் போகாமல் இருந்த நாட்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. எண்ணிப் பார்த்தால் உங்கள் தாமதம் குறையக்கூடும்.

இனி உங்கள் கேள்வி. வக்கீல் தவறினால் கட்சிக்காரருக்கு மன்னிப்பு உண்டு என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி ஒரு விதியே இல்லை. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு கேட்பது ‘போதிய காரணம்’ மட்டுமே. அதாவது, ஏன் தாமதமானது என்பதற்கு நம்பத்தக்க விளக்கம். வக்கீலை நம்பிய அப்பாவிக் கட்சிக்காரர் கஷ்டப்படக் கூடாது என்று 1981இல் ரஃபீக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அது எல்லோருக்கும் பொருந்தும் விதி அல்ல என்று 1993இல் சலில் தத்தா வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே தவறிய கட்சி படிப்பறியாத கிராமத்துக்காரர் அல்ல, ஒரு கம்பெனி.

நாட்களின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கும் என்பதும் தப்பு. தமிழ்நாட்டிலிருந்து போன பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி வழக்கில் தாமதம் 883 நாள். கட்சிக்காரர் போட்டிருந்த ஒரு மனு தள்ளுபடியானதை வக்கீல் அவரிடம் சொல்லவே இல்லை. பின்னால் விசாரித்தால், அந்த வக்கீல் தொழிலை விட்டு ஒரு கம்பெனி வேலைக்கே போயிருந்தார். கீழ்க் கோர்ட் மன்னித்தது, சென்னை ஹைகோர்ட் மறுத்தது. 1998இல் உச்ச நீதிமன்றம் கீழ்க் கோர்ட் உத்தரவையே நிலைநிறுத்தியது. எதிர்த்தரப்புக்கு 10,000 ரூபாய் கொடுக்கவும் சொன்னது. எத்தனை நாள் என்பதைவிட விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அந்த மனிதர் வக்கீல் மீது நுகர்வோர் மன்றத்துக்கும் போய் 50,000 ரூபாய் இழப்பீட்டு உத்தரவு பெற்றிருந்தார். இன்று அந்த வழி இல்லை. வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது. பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், சிவில் வழக்குப் போடலாம்.

ஆகவே தாமத மன்னிப்பு மனுவோடு வரும் பிரமாணப் பத்திரத்தில், அதாவது சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலத்தில், ‘குமாஸ்தா தவறு’ என்ற ஒற்றை வரி போதாது. எந்தத் தேதியில் கட்டைக் கொடுத்தீர்கள், இடையில் எத்தனை முறை போன் செய்து விசாரித்தீர்கள், நகல் எந்தக் கட்டில் எப்போது அகப்பட்டது என்பதெல்லாம் வர வேண்டும். கைதவறிய குமாஸ்தாவே தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் பலம் அதிகம். தன் தவறை எழுத்தில் ஒப்புக்கொள்ள வக்கீல் அலுவலகம் தயங்கினால், தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். அது உங்கள் வீடு, உங்கள் நிலம்.

உங்களுடையது சாதாரண சிவில் அப்பீல் என்பதால் இந்தக் கதவு திறந்திருக்கிறது. மத்தியஸ்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் மனுவாக இருந்தால், 3 மாதமும் அதன்மேல் 30 நாளும்தான். அதற்குப் பிறகு எந்தக் காரணமும் செல்லாது.

நகல் கைக்கு வந்த பிறகு போகும் ஒவ்வொரு நாளுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்த வாரமே மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள், ஐயா.