கங்காணி இல்லாத கடை

இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் சிறு வியாபாரம் என்றால் புடவைக்கடை, பலசரக்குக்கடை, ஹாட்வெயார், பேக்கரி, கொமியூனிகேஷன், சாப்பாட்டுக்கடை. பெரும்பாலும் முதலாளியையும் சேர்த்துப் பத்துப் பேருக்குள் அடங்கிவிடும். வேலைக்கு வருகிறவர்கள் சுற்றுத் தோட்டங்களின் லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். முதலாளிமாரிலும் பலருடைய அப்பாவோ தாத்தாவோ அங்கிருந்து இறங்கி வந்தவர்தான். ஆகவே வேலைத்தலம் என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு இரு தரப்புக்கும் தெரிந்த முன்மாதிரி ஒன்றே: தோட்டம். மேலே துரை, அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளை, அடுத்துக் கங்காணி, கடைசியில் கொழுந்துக்கூடை சுமக்கிறவள். இங்கே ஒரு கடையின் சூழல் நல்லதாக அமைவதும் கெட்டுப்போவதும் அந்த ஏணியில் எத்தனை படிகளைக் கடைக்குள் கொண்டுவருகிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது.

முதலில் வருவது பேச்சு. பிரட்டுக்களத்தில் காலையில் பெயர் கூப்பிடும் தொனி பல முதலாளிமாரின் நாக்கில் அப்படியே ஒட்டியிருக்கிறது. வாடிக்கையாளர் முன்னால் “ஏய், எங்கடா பார்க்கிற?” என்று கேட்பது அவர்களுக்குத் திட்டாகவே தோன்றுவதில்லை. கேட்கிற பையனுக்கு அது அப்பாவை மலையில் கங்காணி கூப்பிட்ட குரல். நல்ல பெயர் எடுத்த கடைகளில் முதலாளி “தம்பி”, “தங்கச்சி” என்கிறார். பதிலுக்கு “அண்ணே” வருகிறது. தவறு நடந்தால் கடை சாத்திய பிறகுதான் பேச்சு. ஆனால் முறை சொல்லி அழைப்பதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. “நம்ம பிள்ளைதானே” என்று சொல்லியே சம்பளத்தைத் தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். உறவுமுறை வாயில் இருக்கலாம். கணக்கு எழுத்தில் இருக்க வேண்டும்.

பேச்சோடு சேர்ந்தது தேநீர். பத்து மணிக்கு முதலாளிக்குப் பால்தேநீர், மற்றவர்களுக்குச் சாயத்தண்ணி, அதுவும் விளிம்பு உடைந்த கோப்பையில் என்று நடக்கும் கடைகள் இன்றும் உண்டு. தேயிலை விளைகிற ஊரில் இதை எவரும் கவனிக்காமல் விடுவதில்லை. ஒரே கெண்டியிலிருந்து எல்லாருக்கும் ஊற்றினால் மாதம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். இதைவிடக் குறைந்த செலவில் கிடைக்கும் நல்லெண்ணம் வியாபாரத்தில் வேறு இல்லை.

எல்லாவற்றிலும் சிக்கலானது முற்பணம். மலையகத்தில் கடனுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு நூற்றாண்டுகள் பழையது. தென்னிந்தியாவிலிருந்து ஆட்களை அழைத்துவந்த கங்காணி, வழிச்செலவை அவர்கள் தலையிலேயே கடனாக எழுதினார். அந்தக் கடன் தீராமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக முடியாது; போவதானால் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும், புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்ட வேண்டும். துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனாலும் “ஆளைப் பிடித்து வைக்க அட்வான்ஸ் கொடு” என்ற எண்ணம் கடைத்தெருவில் சாகவில்லை. தீபாவளிக்கு ஒரு தொகை, தங்கையின் சடங்குக்கு ஒரு தொகை, கூரைத்தகரம் மாற்ற ஒரு தொகை என்று வாங்கியது சேர்ந்து, மாதச் சம்பளத்தில் எவ்வளவு கழிகிறது என்பதே தெரியாமல் ஒரு பையன் ஆண்டுக்கணக்கில் வேலை செய்வான். பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொழும்புக்குப் பஸ் ஏறிவிடுவான். முதலாளி “நன்றி கெட்டவன்” என்பார். கடன் தீர்ந்ததா இல்லையா என்பது இருவருக்குமே தெரியாது.

அனுபவப்பட்ட வியாபாரிகள் இதற்குச் செய்வது எளிமையானது. ஆளுக்கொரு சி.ஆர். கொப்பி. இடப்பக்கத்தில் திகதி, வாங்கிய தொகை, காரணம்; வலப்பக்கத்தில் ஒவ்வொரு மாதமும் கழித்தது, மீதி. ஒவ்வொரு வரிக்கும் இருவர் கையெழுத்து. மாதம் எவ்வளவு கழிப்பது என்பதைப் பணம் கொடுக்கிற அன்றே பேசி எழுதிவிடுவார்கள். பிறகு முதலாளி நினைத்தபடி கூட்டுவதில்லை. முக்கியமானது, கொப்பி லாச்சிக்குள் பூட்டப்படாமல் யாரும் எடுத்துப் பார்க்கும் இடத்தில் இருப்பது. தீபாவளி முற்பணம் தோட்டத்தில் நீண்ட கால வழக்கம் என்பதால் கடையிலும் அதை எதிர்பார்ப்பார்கள்; மறுப்பது புத்தியல்ல. ஆனால் முற்பணமும் போனஸும் வேறு வேறு. முற்பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனஸ் கொடுத்ததுபோல் பேசும் முதலாளி அந்த ஒரு பேச்சிலேயே முழு ஆண்டின் நம்பிக்கையைத் தொலைத்துவிடுகிறார்.

காசு லாச்சியில் குறைந்தால் எல்லார் சம்பளத்திலும் பிரித்து வெட்டுவது இன்னொரு பழக்கம். இரவு எண்ணும்போது 350 ரூபாய் இடிக்கும். யார் எடுத்தது என்று தெரியாது, ஆகவே எல்லாரும் கள்ளர். காலையில் லாச்சியை ஒப்படைக்கும்போது ஒருமுறை, மாலையில் வாங்கும்போது ஒருமுறை, பொறுப்பானவர் முன்னிலையில் எண்ணினாலே இந்தத் தகராறில் பெரும்பகுதி இல்லாமல் போகும். பல சமயம் குறைந்த காசு முதலாளி வீட்டுச் செலவுக்கு எடுத்து எழுத மறந்த காசாக இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தோட்டத்தில் குறித்த கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் ‘அரைப்பேர்’, அதாவது அரைநாள் கூலி. அதே கணக்கைக் கடையில் போடுகிறவர்கள், காலையில் கால் மணி பிந்தினால் அரைநாள் சம்பளம் வெட்டுவார்கள். மேல் தோட்டத்திலிருந்து வருகிறவள் முதல் பஸ்ஸைத்தான் நம்பியிருக்கிறாள். தென்மேற்குப் பருவமழை இறங்கும் ஜூன், ஜூலையில் மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ பஸ் வராது. மாலையில் கடைசி பஸ் போய்விட்டால் இருட்டில் தேயிலைக்குள் நடக்க வேண்டும், அல்லது ஓட்டோவுக்கு அன்றைய கூலியில் பாதியைக் கொடுக்க வேண்டும். கடை திறக்கும் நேரத்தையும் சாத்தும் நேரத்தையும் பஸ் நேரத்தோடு பொருத்தியவர்களுக்கு ‘பிந்தி வருகிறார்கள்’ என்ற குறை பாதியாகக் குறைந்திருக்கிறது. சாத்த நேரமாகும் நாட்களில் ஓட்டோக் காசு கடைச் செலவு.

பெண்கள் வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை வேண்டும். இதைத் தனியாக எழுத வேண்டியிருப்பதே வெட்கம். கொழுந்து மலையில் கழிப்பறை இல்லாமல் பழகியவர்கள்தானே என்ற நினைப்பில், பக்கத்துக் கடையைக் காட்டிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே நின்று விற்பார்கள். விற்பனையாளர் உட்கார ஒரு ஸ்டூலும் இதே வகை.

சிவனொளிபாதமலை சீசன் மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக் வரை நீடிக்கும். மலையடிவாரமான நல்லதண்ணிக்குப் போகும் வாகனங்கள் மஸ்கெலியா வழியாகத்தான் போகின்றன. வார இறுதியிலும் போயா நாளிலும் இரவெல்லாம் வியாபாரம். கடையின் உண்மையான குணம் இந்த மாதங்களில் வெளிப்படும். யார் எந்த இரவு நிற்பது என்பதை வாரத்தொடக்கத்திலேயே தாளில் எழுதி ஒட்டுவது, சிங்களம் நன்றாகப் பேசுகிற ஒரே காரணத்துக்காக ஒருவரையே எல்லா இரவும் நிறுத்தாமல் மற்றவர்களுக்கும் நாலு வசனம் கற்றுக்கொடுப்பது, இரவு நின்றவருக்கு மறுநாள் ஓய்வு கொடுப்பது ஆகிய மூன்றும் செய்யப்படும் இடங்களில் ஏப்ரலில் ஆட்கள் கழன்றுகொள்வதில்லை. சீசனுக்கு மட்டும் எடுத்தவர்களிடம் வெசாக்குக்குப் பிறகு வேலை இல்லை என்பதைச் சேர்க்கும்போதே சொல்லிவிட வேண்டும். அடுத்த மார்கழியில் அவர்களே திரும்பி வருவார்கள்.

லீவு விஷயத்தில் தோட்டத்தின் நல்ல வழக்கம் ஒன்றைக் கடைகள் பின்பற்றலாம். லயத்தில் ஒரு சாவு விழுந்தால் வேலையை விட்டுவிட்டு எல்லாரும் கூடுவார்கள். கடையில் இருப்பவனுக்கும் அந்தக் கடமை உண்டு. தோட்டத்துத் திருவிழாவும் மாசியில் காமன் கூத்தும் முன்கூட்டியே தெரிந்த நாட்கள். ஆண்டு தொடக்கத்திலேயே கேட்டு நாட்காட்டியில் குறித்துவிட்டால் பொய்யான காய்ச்சல்கள் குறையும்.

இவற்றில் பல தயவு அல்ல, சட்டம். 1954இன் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 45. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. முழு ஆண்டு வேலை செய்தவருக்கு 14 நாள் ஆண்டு விடுமுறை, 7 நாள் சமயோசித விடுமுறை. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதமும் கட்ட வேண்டும். ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் இது பொருந்தும். முதலாளியின் பங்கையும் சம்பளத்திலேயே கழிப்பது குற்றம். 2021க்குப் பிறகு 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்கவும் முடியாது; “வீட்டுக் கஷ்டம், பாவம் என்று எடுத்தேன்” என்பது தொழில் திணைக்களத்தில் செல்லாது.

ஆள் விலகுகிற நாளையும் முறையாக நடத்த வேண்டும். இளைஞர்கள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகத்தான் போகிறார்கள். போகிறவனுக்குச் சி.ஆர். கொப்பியை முடித்துக் காட்டி, மீதிச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, சேமலாப நிதிக்கான பீ கார்டையும் சேவைக் கடிதத்தையும் அன்றே கொடுத்தனுப்பும் கடைக்கு ஆள் தேடும் வேலை அநேகமாக இருப்பதில்லை. போகிறவனே தன் லயத்திலிருந்து சித்தப்பா மகனைக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போகிறான்.