குளிரும் எரிபொருள் முதலீடும்

கடுங்குளிர் நிலவும் நாடுகளில் வீடுகளை வெப்பமாக வைத்திருக்க எரிபொருள் இன்றியமையாதது. ஆகவே, "குளிர்காலம் நெருங்குகிறது, இயற்கை வாயு நிறுவனங்களின் பங்குகளை வாங்குக" என்னும் பரிந்துரை அங்கு எழுவதுண்டு. இதனுள் மூன்று ஊகங்கள் மறைந்துள்ளன.

முதலாவது, குளிர் வழக்கம்போல் இருக்கும் என்பது. அமெரிக்காவில் ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 65 டிகிரி பாரன்ஹீட்டுக்கு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு 'வெப்பமூட்டு டிகிரி-நாள்' எனக் கணக்கிடுவர். சராசரி 40 டிகிரியாயின் அந்நாளின் அளவு 25. பருவம் முழுவதற்குமான கூட்டுத்தொகை ஆண்டுக்காண்டு வேறுபடும்.

இரண்டாவது, தேவை மிகுந்தால் விலை ஏறும் என்பது. வழங்கலும் உடன் பெருகினால் விலை ஏறாமலும் போகலாம்.

மூன்றாவது, விலை ஏறினால் பங்குதாரர் பயனடைவர் என்பது. நிறுவனம் முன்னரே ஒப்பந்த விலைக்கு விற்றிருக்கலாம். எதிர்பார்க்கும் ஏற்றம் பங்கின் விலையில் ஏற்கெனவே அடங்கியும் இருக்கலாம்.

2011-12ஆம் ஆண்டுக் குளிர்காலம் அமெரிக்காவில் மிக மிதமாக இருந்தது. களிப்பாறைகளிலிருந்து எடுக்கப்பட்ட வாயுவும் பெருகியிருந்தது. 2012 ஏப்ரலில் வாயுவின் மொத்த விற்பனை விலை பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 2 டாலருக்கும் கீழே இறங்கியது. முதல் இரண்டு ஊகங்களும் ஒருங்கே பொய்த்தன.

ஆசிரியர்கள் இத்தகைய பரிந்துரையைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு படியிலும் "இது பிழையாயின் விளைவு யாது?" என்று மாணவரை வினவச் செய்யலாம். அவ்வினாவுக்கு விடை தராத பரிந்துரையை நம்பிச் சேமிப்பை ஒப்படைத்தல் தகாது.