ஐப்பசியில் கப்பல் டிக்கெட் போடாதீர்கள்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கம் மானாவாரி விதைப்பு நடக்கும் நேரம் இது. தீபாவளியை ஒட்டி இரண்டு நாள் யாழ்ப்பாணத்துச் சொந்தங்களைக் கப்பலில் போய்ப் பார்த்துவரலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில்: இப்போது வேண்டாம், மாசியில் போங்கள்.

நாகப்பட்டினம் - காங்கேசன்துறை சேவை 2023 அக்டோபர் 14-இல் தொடங்கியது. 20-ஆம் தேதியே வடகிழக்குப் பருவமழையைச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்ட் 16-இல் 'சிவகங்கை' கப்பலோடு மறுபடி தொடங்கி, மழைக்காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில்தான் திரும்ப ஓடியது. ஏறக்குறைய 150 பேர் ஏறும் சிறிய கப்பல். தூரம் 60 கடல் மைல், நாலு மணி நேரப் பயணம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் பாக் நீரிணை சும்மா இருக்காது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் போனவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள்.

இப்போது போகாததில் நமக்கு நஷ்டமும் இல்லை. களையெடுப்பு, மருந்தடிப்பு, காட்டுப்பன்றிக் காவல் என்று இந்த மாதங்களில் காட்டைவிட்டு யார் நகர முடியும்? உளுந்தும் பாசியும் வீடு சேர்ந்து, மக்காச்சோளமும் அடித்து முடித்தால் கையில் காசும் இருக்கும், கடலும் அடங்கியிருக்கும்.

பக்கத்தில் தூத்துக்குடி இருக்க நாகைக்கு எதற்கு அலைய வேண்டும் என்ற கோபம் நியாயமானது. ஓட்டப்பிடாரத்து வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி ஓட்டியது தூத்துக்குடி - கொழும்பு வழியில்தான். 2011 ஜூனில் அதே வழியில் விட்ட 'ஸ்கோட்டியா பிரின்ஸ்' கப்பல் சில மாதங்களிலேயே நின்றுபோனது. இன்றைக்கு நாகைதான் வழி. கோவில்பட்டியிலிருந்து அதுவே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அதனால் சனி, ஞாயிறு மட்டும் போதாது, வெள்ளியும் திங்களும் சேர்த்து லீவு போடுங்கள். கப்பல் ஓடும் நாட்கள் மாறும். திரும்பும் நாளையும் உறுதி செய்துகொண்டே பணம் கட்டுங்கள்.

உறவு ஹட்டன், நுவரெலியா என்று மலையகத்தில் இருந்தால் கப்பலை மறந்துவிடுங்கள். காங்கேசன்துறையில் இறங்கி அங்கே போய்ச் சேரவே ஒரு நாள் கழியும். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் போவதே மேல்.

கடலை மிட்டாய் தாராளமாகக் கொண்டுபோகலாம். விதை உளுந்து, செடி, நம்மூர்க் கரிசல் மண் எதுவும் வேண்டாம். அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே விடமாட்டார்கள். கப்பலில் ஏறுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். வாந்தி வரும் உடம்பென்றால் மருத்துவரைக் கேட்டு மாத்திரை வாங்கி வையுங்கள்.

இப்போதே செய்ய வேண்டியது பாஸ்போர்ட் வேலைதான். குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். இல்லாதவர்கள் இந்த மாதமே இணையத்தில் விண்ணப்பித்து, திருநெல்வேலி சேவை மையத்துக்கு நாள் குறியுங்கள். போலீஸ் விசாரணைக்கு வரும்போது நீங்கள் காட்டில் இருப்பீர்கள். எப்போதும் எடுக்கும் செல் நம்பரையே படிவத்தில் கொடுங்கள்.