திருமேனியும் ஸ்வரக் குறியும்

ஸ்ரீ முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835-இல் ஸித்தியடைந்தார். அவருடைய க்ருதிகளை, ஸுப்பராம தீக்ஷிதர் கமகக் குறிகளுடன் 1904-இல் எட்டயபுரத்தில் அச்சிட்ட 'ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி' பேருபகாரமான கிரந்தம். ஆயினும் குறியானது ஸ்வரம் அசையும் என்று உரைக்குமேயன்றி, அவ்வசைவின் நிதானத்தை முற்றும் உரைக்கமாட்டாது.

நாயகி ராகத்தில் அமைந்த 'ரங்கநாயகம்' க்ருதியையே எடுத்துக்கொள்வோம். நாயகி விளம்ப காலத்திலேயே விளங்கும். விரைந்தால் தர்பாரின் சாயல் புகுந்துவிடும். ஏட்டை மட்டும் நோக்கிப் பாடும் வித்யார்த்திகள் இவ்விடத்திலேதான் தடுமாறுகின்றனர்.

அன்னோர் முதற்கண் திருவரங்கம் சென்று பெரிய பெருமாளைச் சேவித்து வருதல் வேண்டும். மேற்கே திருமுடி, கிழக்கே திருவடி, தெற்கே திருநோக்கு. (சுதைத் திருமேனியாதலின் மூலவர்க்குத் திருமஞ்சனம் இல்லை, தைலக்காப்பே உண்டு.) சயனித்த அந்நெடுந் திருமேனி ஒரு நோக்கில் அடங்குவதன்று. கண்கள் திருமுடியினின்றும் திருவடிவரை மெல்ல ஊர்ந்தே செல்லவேண்டும். அந்த ஊர்தலே இக்க்ருதியின் காலப்பிரமாணம் என்பது அடியேன் துணிபு. காந்தாரத்தின் அசைவையும் அவ்வளவில் நிறுத்திப் பழகுக.

நேரில் சேவிக்க இயலாதார் சித்திரத்தை எதிரில் வைத்துப் பாடலாம். ஆனால் நாட்காட்டிப் படங்கள் பலவற்றில், தாளின் அகலத்திற்கேற்பச் சயனத் திருக்கோலத்தைக் குறுக்கி வரைந்துவிடுகிறார்கள். அவை இதற்கு உதவா.