தோள் தழும்பு சொல்லும் பாடம்



உங்கள் இடது தோளிலுள்ள சிறு தழும்பைத் தொட்டுப் பாருங்கள். அது காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசியின் அடையாளம். 1968-ல் நமது திருவள்ளூர் வட்டாரக் கிராமங்களில் இந்த ஊசி பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. குழந்தைகளைக் கடும் காசநோயிலிருந்து காக்கும் இம்மருந்து, பெரியவர்களின் நுரையீரல் காசத்தைத் தடுக்கவில்லை என்பதே அச்சோதனையின் முடிவு.

ஆயினும் அதற்கு வேறொரு பயன் உண்டு. 1891-ல் நியூயார்க் மருத்துவர் வில்லியம் கோலி, கிருமித் தொற்றால் ஒருவருடைய கட்டி கரைந்ததை அறிந்து, கிருமிகளையே புற்றுநோயாளிக்குச் செலுத்திப் பார்த்தார். 1976-ல் கனடாவில் ஆல்வாரோ மொராலிஸ், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு பி.சி.ஜி. பலன் தருவதை வெளியிட்டார்.

இது எப்படி? முதலில் கட்டியை அகற்றுவார்கள். பிறகு வாரம் ஒருமுறை, ஆறு வாரம், குழாய் வழியே மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் விடுவார்கள். நோயாளி சுமார் இரண்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் அடக்கிக்கொள்ள வேண்டும். வலுவிழந்த கிருமிகள் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அவற்றை எதிர்க்கத் திரண்டுவரும் வெள்ளணுக்கள், எஞ்சிய புற்றணுக்களையும் அழிக்கும். எரிச்சலும் காய்ச்சலும் வரலாம்.

ஒன்றை மறவாதீர்கள்: நோய் தசைக்குள் பரவுமுன்னரே இம்மருந்து உதவும். சிறுநீரில் இரத்தம் கண்டும், “வலி இல்லையே ஐயா” என்று காலம் கடத்தியவர்களை வார்டில் சந்திக்கிறேன். புகைபிடிப்போரும், சாயப் பொருட்களோடு உழைப்போரும் அதிகக் கவனமாயிருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் உங்கள் உறவினருக்கு இதைச் சொல்லுங்கள். இரத்தம் ஒருமுறை தெரிந்தாலும் மருத்துவரிடம் உடனே வரட்டும்.